திரும்பி வந்த இரத்தப் புற்றுநோயும் திரும்பிக்கொண்ட முகங்களும்



ஒருமுறை நீங்கிய நோய் மறுமுறை வந்தால் அது ஈமானின் குறை என்று பேசுவோர் நம்மிடையே பெருகிவிட்டனர். ஜும்ஆ பயானிலும், பள்ளிவாசல் ஹவ்ளின் ஓரத்திலும், வாட்ஸ்அப் குரல் பதிவுகளிலும் இப்பேச்சு ஒரே தொனியில் ஒலிக்கிறது. "அல்லாஹ் ஷிஃபா கொடுத்தான், இவர்கள் நன்றி செலுத்தவில்லை, எடுத்துக்கொண்டான்" என்பது அதன் சாரம். கேட்பதற்கு மார்க்கம்போல் இருக்கிறது. ஆனால் இதில் மார்க்கமும் இல்லை, மருத்துவமும் இல்லை. நோயாளியின் கட்டிலருகே நின்று அவருடைய வலிக்கு மேல் இன்னொரு வலியை ஏற்றுகின்ற இந்தப் பேச்சை நாம் மறுக்கிறோம். மறுப்பதற்கு முன், நோய் இன்னது என்று அறிந்துகொள்வது அவசியம்.

எம். புதுப்பட்டியைச் சுற்றிய ஊர்களில் வாழ்வோருக்குப் பட்டாசு ஆலையும், தீப்பெட்டியும், சிவகாசி அச்சகங்களுமே பிழைப்பு. நம் மதரஸாவில் ஓதும் பிள்ளையொருவரின் தாய், 27 வயதுடையவர், அத்தகைய கூலி வேலையில் இருந்தவர். ஈறில் இரத்தம் கசிந்தது. தொடாமலே தோலில் நீலத் தழும்புகள் தோன்றின. மாதவிடாய் பத்து நாட்களாகியும் நிற்கவில்லை. "வெயில் சூடு" என்று இளநீர் கொடுத்தார்கள். கடைசியில் இரத்தப் பரிசோதனையில் தெரியவந்த பெயர் நீளமானது: அக்யூட் புரோமைலோசைட்டிக் லுகேமியா. மருத்துவர்கள் சுருக்கமாக ஏ.பி.எல். என்கிறார்கள்.

இரத்தப் புற்றுநோய்களிலேயே இது அரிதான வகை. நம் உடலின் இரத்த அணுக்கள் எலும்பு மஜ்ஜையில் பிறந்து, படிப்படியாக முதிர்ந்து, பின்பு இரத்தத்தில் கலக்கின்றன. இந்நோயில், ஓர் அணுவினுள் 15ஆம் குரோமோசோமின் ஒரு துண்டும் 17ஆம் குரோமோசோமின் ஒரு துண்டும் இடம் மாறி ஒட்டிக்கொள்கின்றன. அந்தத் தவறான ஒட்டிலிருந்து பிறக்கும் புரதம், வெள்ளையணுவை முதிரவிடாமல் பாதியிலேயே நிறுத்திவிடுகிறது. முதிராத அணுக்கள் மஜ்ஜையை அடைத்துக்கொள்ள, இரத்தம் உறையும் ஒழுங்கு குலைகிறது. ஆகவேதான் ஏ.பி.எல். நோயாளிகளை முதல் வாரங்களில் கொண்டுசெல்வது பெரும்பாலும் இரத்தக்கசிவு. தழும்புகளைக் கண்டும் ஒரு வாரம் காத்திருப்பது இங்கே உயிரோடு விளையாடுவதாகும்.

இந்தக் குரோமோசோம் இடமாற்றம் பெற்றோரிடமிருந்து வருவதன்று. பெண்வீட்டு வழியா மாப்பிள்ளைவீட்டு வழியா என்று தேடுவோர் தம் நேரத்தை வீணாக்குகிறார்கள். இது தொற்றும் நோயும் அன்று. பென்சீன் என்னும் இரசாயனமும், கதிர்வீச்சும், முந்தைய புற்றுநோய் மருந்துகள் சிலவும் இரத்தப் புற்றுநோய்க்கான வாய்ப்பைக் கூட்டும் என்பது நிறுவப்பட்டது. எனினும் பெரும்பாலான நோயாளிகளிடம் காரணம் இன்னதென்று சுட்ட இயலாது. "பட்டாசு மருந்தால் வந்தது" என்று தீர்ப்பளிப்பவரிடமும், "கண்ணேறால் வந்தது" என்று தீர்ப்பளிப்பவரிடமும் ஒரே அளவு சான்றுதான் இருக்கிறது.

இனி, சண்டை தொடங்கும் சொல்லுக்கு வருவோம். மருத்துவர்கள் "ரெமிஷன்" என்கிறார்கள். நம்மவர் அதைக் "குணமாகிவிட்டது" என்று மொழிபெயர்த்துக்கொண்டு பிரியாணி சமைக்கிறார்கள். சரியான தமிழ் "நோய் தணிந்த நிலை" என்பதாகவே இருக்க வேண்டும். நோய் கண்டறியப்படும் நாளில் உடலில் ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி புற்றணுக்கள் இருக்கக்கூடும். சிகிச்சைக்குப் பின் மஜ்ஜையை நுண்ணோக்கியில் பார்க்கும்போது முதிரா அணுக்கள் நூற்றுக்கு 5க்கும் குறைவாக இருந்து, இரத்த எண்ணிக்கைகளும் சீராகிவிட்டால் ரெமிஷன் என்கிறார்கள். அந்த நிலையிலும் 100 கோடி புற்றணுக்கள் வரை கண்ணுக்குப் படாமல் தங்கியிருக்கலாம். அறுத்த வயலில் கோரைக்கிழங்கு மண்ணுக்குள் கிடப்பதுபோல. மேலே பச்சை தெரியவில்லை என்பதற்காக எந்த விவசாயியும் கோரை ஒழிந்தது என்று சொல்வதில்லை.

ஆகவேதான் நோய் தணிந்த பின்பும் மாதக்கணக்கில் மருந்து தொடர்கிறது. ஆகவேதான் பி.சி.ஆர். என்னும் பரிசோதனை. பல ஆயிரம் அணுக்களுக்கிடையே ஒரே ஒரு புற்றணு இருந்தாலும் அந்தப் பிழையான குரோமோசோம் ஒட்டை அது காட்டிக்கொடுக்கும். நோயாளிக்கு ஒரு தொந்தரவும் தெரியாத நாளிலேயே, இரத்த எண்ணிக்கை சரியாக இருக்கும்போதே, மீள்வருகையை இது முன்கூட்டி அறிவிக்கக்கூடும். அந்தக் கட்டத்தில் சிகிச்சையைத் தொடங்குவதற்கும், இரத்தம் கசியத் தொடங்கிய பிறகு ஓடுவதற்கும் இடையிலான வேறுபாடு பல நேரங்களில் உயிருக்கும் மவுத்துக்கும் இடையிலான வேறுபாடு. மீள்வருகை நேர்ந்தால் அது பெரும்பாலும் முதல் 3 ஆண்டுகளுக்குள் நேர்கிறது. எனவே அந்த ஆண்டுகளில் ஒரு பரிசோதனைத் தேதியைத் தவறவிடுவதும் சிறிய விஷயமன்று.

நாம் குறிப்பிட்ட சகோதரிக்கு நடந்தது என்ன? ரெமிஷன் என்று சீட்டில் எழுதப்பட்டது. மீதமிருந்த மருந்துச் சுற்றுகளுக்குப் போகும் முன்பே ஒருவர் வந்தார். தேனும் கருஞ்சீரகமும் கலந்த குப்பிகளை அடுக்கினார். "இங்கிலீஷ் மருந்தை நிறுத்தினால்தான் இது வேலை செய்யும்" என்றார். ஒரு குப்பிக்கு வாங்கிய தொகை, அவ்வீட்டின் ஒரு வாரக் கூலி. 14 மாதங்கள் கழித்து ஈறில் மீண்டும் இரத்தம். குப்பி விற்றவர் அதற்குப் பின் தொலைபேசியை எடுக்கவில்லை. ஆனால் அவருடைய கொள்கை ஊரில் தங்கிவிட்டது: "தவக்குல் குறைந்தவர்களுக்கே நோய் திரும்பும்."

தவக்குல் குறைந்தவர்களுக்கே திரும்பும் என்றால், ஸஃது இப்னு முஆத் (ரலி) அவர்களைப் பற்றி இவர்கள் என்ன சொல்வார்கள்? ஹிஜ்ரி 5ஆம் ஆண்டு அகழ்ப்போரில் அவர்களின் கை நரம்பில் அம்பு பாய்ந்தது. அருகிலிருந்தே நலம் விசாரிக்க வேண்டும் என்பதற்காக நபி (ஸல்) அவர்கள் மஸ்ஜிதுக்குள்ளேயே அவர்களுக்குக் கூடாரம் அமைத்தார்கள். காயத்திற்குத் தம் திருக்கரத்தாலேயே சூடிட்டார்கள். அது வீங்கியது. மறுமுறையும் சூடிட்டார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இச்செய்தி இருக்கிறது. காயம் ஆறிவந்தது. பின்பு ஓர் இரவில் உடைந்து, இரத்தம் பக்கத்துக் கூடாரம் வரை ஓடியது. அதிலேயே அவர்கள் வஃபாத்தானார்கள். போர் முடிந்துவிட்டதெனில் இக்காயத்திலேயே தமக்கு மரணத்தைத் தருமாறு அவர்களே துஆ செய்திருந்தார்கள் என்பதை நாம் மறைக்கவில்லை. ஆயினும் ஆறிவந்த காயம் உடைந்ததைக் கண்டு அல்லாஹ்வின் கோபம் என்று சொன்ன ஸஹாபி ஒருவரேனும் உண்டா? அவர்களின் மரணத்திற்காக அர்ஷ் அசைந்தது என்பதல்லவா நமக்குக் கிடைத்த செய்தி! முதல் சூடு பலிக்கவில்லை என்று நபி (ஸல்) அவர்கள் கைவிட்டுவிடவும் இல்லை என்பதைப் பயான் செய்வோர் சற்று நின்று கவனிக்க வேண்டும். இரண்டாம் முறை சிகிச்சை செய்வது சுன்னத்துக்கு அந்நியமானதன்று.

அய்யூப் (அலை) அவர்களின் சரிதையை எல்லோரும் அறிவோம். ஆண்டுக்கணக்கில் நீடித்த நோயை ஒரு நபிக்கு ஏற்பட்ட சோதனையாகக் குர்ஆன் கூறுகிறதே தவிர, தண்டனையாகக் கூறவில்லை. அந்த வரலாற்றைப் பொறுமைக்கு உதாரணமாக வெள்ளிதோறும் சொல்லிவிட்டு, சனிக்கிழமை நோயாளி வீட்டில் பாவக்கணக்குக் கேட்பது என்ன நியாயம்?

இரண்டாவது ஆட்சேபம் சற்றுக் கற்றவர்களிடமிருந்து வருகிறது. ஏ.பி.எல். நோய்க்குக் கொடுக்கப்படும் முதன்மையான மருந்துகளில் ஒன்று ஆர்செனிக் டிரையாக்சைடு. அதாவது நம் நாட்டு மருத்துவர்கள் வெள்ளைப் பாஷாணம் என்று அழைக்கும் அதே பொருள். "நஞ்சைக் கொண்டு மருத்துவம் செய்வதை ஹதீஸ் தடுக்கிறது, ஆகவே இது ஹராம்" என்கிறார்கள். தீய மருந்தை நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாகத் திர்மிதியில் அறிவிப்பு இருப்பதும், அது நஞ்சைக் குறிக்கும் என்ற விளக்கம் அங்கேயே இருப்பதும் உண்மை. ஆனால் ஃபிக்ஹு நூல்கள் அந்த ஓர் அறிவிப்போடு மூடிவைக்கப்பட்டவை அல்ல. இமாம் இப்னு குதாமா (ரஹ்) தம் 'அல்முஃக்னி'யில் நஞ்சு கலந்த மருந்தை இரண்டாகப் பிரிக்கிறார்கள். பயன்படுத்துவோரில் பெரும்பாலோர் அழிவார்கள் எனில் கூடாது. பெரும்பாலும் தீங்கின்றி, பலனும் எதிர்பார்க்கப்பட்டால், அதைவிடக் கொடியதைத் தடுக்க அது ஆகுமானது என்பதே ஏற்றமான கருத்து என்கிறார்கள். ஆக, கேள்வி பாஷாணமா இல்லையா என்பதன்று. பெரும்பாலோர் பிழைக்கிறார்களா என்பதே கேள்வி. அதற்கு விடை வேலூரில் இருக்கிறது.

வேலூருக்கு முன் சீனாவைச் சொல்ல வேண்டும். 1970களில் ஹார்பின் நகரில் ஜாங் டிங்டாங் என்னும் மருத்துவர் நாட்டு மருந்தொன்றிலிருந்து ஆர்செனிக்கைப் பிரித்தெடுத்து இரத்தப் புற்றுநோய்க்குக் கொடுத்துப் பார்த்தார். 1980களில் ஷாங்காயில் வாங் ஜென்யீ, வைட்டமின் ஏ-யின் வழிவந்த ஏட்ரா என்னும் மருந்தைக் கொடுத்தார். இது புற்றணுவைக் கொல்வதைவிட, பாதியில் நின்ற அதை முதிரச்செய்துவிடுகிறது. கிளைத்துக் கலகம் செய்யும் அணுவைத் திருத்தி வழிக்குக் கொண்டுவருவது என்று சொல்லலாம். ஒரு காலத்தில் மிக விரைவாகக் கொல்லும் இரத்தப் புற்றுநோயாக இருந்த ஏ.பி.எல்., இவ்விரண்டு மருந்துகளாலும் மிக நன்றாகக் குணமாகும் இரத்தப் புற்றுநோய்களில் ஒன்றாயிற்று. 2000ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு ஆர்செனிக்கை அனுமதித்தது, குறிப்பாகத் திரும்பி வந்த ஏ.பி.எல். நோய்க்காகவே. நாம் எதைக் கண்டு கைவிரிக்கிறோமோ, அதற்கென்றே அந்த மருந்து முதலில் அங்கீகாரம் பெற்றது!

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் இரத்தவியல் துறையினர் 1998 தொடங்கி 2004 வரை, புதிதாக ஏ.பி.எல். கண்ட 72 பேருக்கு ஆர்செனிக்கை மட்டுமே முதன்மை மருந்தாகக் கொடுத்தார்கள். செலவேறிய கீமோதெரபியைத் தாங்க இயலாத ஏழைகள் நிறைந்த நாட்டில் இது பெரிய விஷயம். 2006ஆம் ஆண்டு 'பிளட்' என்னும் ஆய்விதழில் வந்த அவர்களின் அறிக்கைப்படி, 100க்கு 86 பேருக்கு நோய் முழுமையாகத் தணிந்தது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் 3 ஆண்டுகளுக்குப் பின்னும் நோயின்றி இருந்தார்கள். இப்னு குதாமா (ரஹ்) கேட்ட நிபந்தனை இதைவிடத் தெளிவாக நிறைவேற முடியுமா?

நம் வட்டாரத்தாருக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. இங்கே வெடிக்கும் தூளையே "மருந்து" என்றுதான் அழைக்கிறோம். மருந்து அறை, மணி மருந்து, மருந்து செலுத்துதல் என்பன நம் அன்றாடச் சொற்கள். அளவும் கையும் சரியாக இருந்தால் அது பிழைப்பு, தவறினால் ஜனாஸா என்பது இவ்வூரில் பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். ஆர்செனிக் சேர்ப்பதைப் பட்டாசில் 2017ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தடை செய்தது. அதே பொருள், உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.15 மில்லிகிராம் என்று அளந்து, நரம்பு வழியே மெதுவாக, இதயத் துடிப்பை ஈ.சி.ஜி.யிலும் பொட்டாசியம், மக்னீசியம் அளவுகளை இரத்தத்திலும் பார்த்துக்கொண்டே ஏற்றப்படும்போது உயிர்காக்கிறது. ஆகவே "பாஷாணம்தானே, நாட்டு மருந்துக் கடையில் வாங்கிப் பஸ்பம் செய்வோம்" என்று கிளம்பும் அதிமேதாவிகளும் அப்படியே நின்றுவிடட்டும். அந்தக் கண்காணிப்பு இல்லாத பாஷாணம் வெறும் பாஷாணமே.

நோய் திரும்பினால் வழி மூடிவிடுவதில்லை. ஆர்செனிக்கும் ஏட்ராவும் கொண்டு பெரும்பாலோரை மீண்டும் தணிந்த நிலைக்குக் கொண்டுவர இயலும். பி.சி.ஆர். பரிசோதனையில் புற்றணுவின் தடம் மறைந்த பின், நோயாளியின் சொந்தக் குருத்தணுக்களையே சேமித்து, கடும் மருந்து கொடுத்து மஜ்ஜையைத் துடைத்து, மீண்டும் செலுத்தும் சிகிச்சையும் உண்டு. இரண்டாம் முறை நோய் தணிந்தபின் இவ்வாறு செய்துகொண்டவர்கள், மருந்தோடு மட்டும் நின்றவர்களைவிட நன்றாக இருந்தார்கள் என்பதும் வேலூரின் அனுபவமே. சொந்த அணுக்களையே பயன்படுத்துவதால், "பிறர் உறுப்பு கூடுமா" என்ற சர்ச்சைக்கும் இங்கே இடமில்லை. சிகிச்சை நடக்கும் காலத்தில் கருத்தரிப்பது பிள்ளைக்கு ஆபத்து என்பதையும் மாமியார்கள் காதில் போடுகிறோம். "ஒரு பிள்ளையைப் பெற்றுக்கொண்டால் எல்லாம் சரியாகும்" என்ற அவசரத்தை நாம் கண்டிருக்கிறோம்.

குப்பி விற்பவர்களுக்கு வருவோம். கருஞ்சீரகத்தின் சிறப்பை நாம் மறுக்கவில்லை. அந்த ஹதீஸ் ஸஹீஹானது. ஆனால் அதன் சொல் பொதுவாக இருப்பினும் கருத்து குறிப்பிட்ட நோய்களையே நாடுகிறது என்று இமாம் கத்தாபி (ரஹ்) போன்ற விரிவுரையாளர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்துவிட்டார்கள். ஓதிப் பார்ப்பதும் ஆகுமானதே. தேள் கொட்டியவருக்கு ஃபாத்திஹா ஓதிய ஸஹாபியை நபி (ஸல்) அவர்கள் ஆமோதித்தார்கள். ஓதுங்கள், தேன் கொடுங்கள், மருத்துவரிடம் சொல்லிவிட்டுக் கொடுங்கள். "மருந்தை நிறுத்து" என்று சொல்ல உங்களுக்கு எந்த ஆதாரம் இருக்கிறது? மருத்துவம் அறிந்தவராக அறியப்படாத ஒருவர் மருத்துவம் செய்து தீங்கு நேர்ந்தால், அவரே அதற்குப் பொறுப்பாளி என்ற ஹதீஸ் அபூதாவூதில் இருக்கிறதே, அதைக் குப்பியின் மேல் ஒட்டி விற்கத் தயாரா? ஃபிக்ஹின்படி அது இழப்பீடு கொடுக்க வேண்டிய பொறுப்பு, வெறும் வருத்தம் தெரிவிக்கும் பொறுப்பன்று.

"கிறிஸ்தவ மருத்துவமனை" என்று முகம் சுளிப்பவரும் உண்டு. வேலூர் மருத்துவமனை பிறந்த கதை இவர்களுக்காகவே சொல்லப்பட வேண்டும். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று ஆண்கள் அடுத்தடுத்து வந்து, பிரசவ வேதனையில் இருந்த தம் மனைவியரைப் பார்க்க இளம்பெண் ஐடா ஸ்கடரை அழைத்தார்கள். அவர் மருத்துவம் படித்தவரல்லர், படித்தவர் அவர் தந்தை. ஆண் மருத்துவர் வேண்டாமென்று மூவரும் திரும்பினார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தார்கள். அதன் பிறகே ஐடா மருத்துவம் படித்துவந்து 1900ஆம் ஆண்டில் வேலூரில் ஒரே படுக்கையோடு பணியைத் தொடங்கினார். அந்த மூவரில் ஒருவர் முஸ்லிம். இவ்வளவு பெரிய நிறுவனத்தின் தோற்றக் கதையில் நம் சமுதாயத்தாருக்குக் கிடைத்த பாத்திரம் அது! 120 ஆண்டுகள் கழித்தும் அதே பாத்திரத்தை நடிக்கத் துடிப்பானேன்?

வேலூர் தூரம் என்பது உண்மை. மதுரை சென்று, ரயிலேறி, காட்பாடியில் இறங்க வேண்டும். கூட ஒருவர் போனால் இரண்டு கூலி போகிறது. முதல்வரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலும், முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1954இல் நிறுவிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையிலும் ஏழைகளுக்கு வழி இருக்கிறது. ஆனால் அட்டை இருந்தும் ரயில் டிக்கெட்டுக்கும், வேலூரில் வாடகை அறைக்கும் பணம் இல்லாமல் பரிசோதனைத் தேதியைத் தள்ளிப்போட்ட வீடுகளை நாம் அறிவோம். அங்கேதான் ஜமாஅத் வர வேண்டும்.

வருகிறதா? முதல்முறை நோய் வந்தபோது ஜும்ஆவில் துணி விரித்து வசூலித்துக் கொடுத்தவர்கள், இரண்டாம் முறை விண்ணப்பம் வந்ததும் "ஒருவருக்கு ஒருமுறைதான்" என்று ஒரு சட்டத்தைக் காட்டுகிறார்கள். எந்த மத்ஹபில் இந்தச் சட்டம் இருக்கிறது? ஜகாத் பெறத் தகுதியான எட்டு வகையினரை அத்தவ்பா அத்தியாயம் வரிசைப்படுத்துகிறது. ஃபகீர், மிஸ்கீன், கடனாளி ஆகியோர் அதில் உண்டு. ஒருமுறை வாங்கியவர் நீங்கலாக என்ற விதிவிலக்கு அதில் இல்லை. சென்ற ஆண்டு கொடுக்கப்பட்ட கஞ்சிக்காக இவ்வாண்டுப் பசியை யாரும் மறுப்பதில்லை. மினாராவுக்கு மூன்றாம் முறை வண்ணம் பூச வசூல் நடக்கும்போது "ஒருமுறைதான்" என்று எவரும் எழுந்து சொன்னதாகவும் நாம் கேள்விப்படவில்லை.

நோயாளியைச் சந்திப்பது பற்றி ஒரு வார்த்தை. இது நம்மிடம் உள்ள மிக அழகிய சுன்னத்களில் ஒன்று. ஆனால் சிகிச்சையில் இருப்பவரின் வெள்ளையணு குறைந்திருக்கும் நாட்களில் இருபது பேர் சளியோடும் இருமலோடும் கட்டிலைச் சூழ்வது நலம் விசாரிப்பாகாது. நோயுற்ற ஒட்டகத்தை நலமான ஒட்டகத்திடம் கொண்டுசெல்லாதீர் என்ற அறிவுரை நமக்கு உண்டு. வாசலில் நின்று ஸலாம் சொல்லுங்கள். அடுப்படிக்கு அரிசி அனுப்புங்கள். அவருடைய பிள்ளையை மதரஸாவுக்கு அழைத்து வந்து திரும்ப விடுங்கள். காய்ச்சல், மூச்சுத்திணறல், திடீர் எடை கூடுதல், புதிய தழும்பு, ஓயாத தலைவலி ஆகியவற்றில் ஒன்றைக் கண்டால், இரவு எந்நேரமானாலும் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வண்டியோடு ஒருவர் தயாராக இருக்கட்டும். இருபது பேரின் சந்திப்பைவிட அந்த ஒருவரின் வண்டி மேலானது.

அந்தச் சகோதரி இப்போது வேலூரில் இருக்கிறார். இரண்டாம் சுற்று ஆர்செனிக் ஏறிக்கொண்டிருக்கிறது. அடுத்த பி.சி.ஆர். துல்கஅதா மாதத்தில். அதுவரை வாடகை அறைக்கும், உடன் இருக்கும் அவருடைய தாயின் உணவுக்கும், போய்வர டிக்கெட்டுக்கும் ஆகும் தொகையைக் கணக்கிட்டு, ஜமாஅத் அலுவலகத்தில் மீண்டும் ஒரு விண்ணப்பம் கொடுக்கப்பட்டிருக்கிறது. நிர்வாகிகள் அதை மறுப்பதாயின், எந்த ஆயத்தின் அல்லது எந்த ஹதீஸின் அடிப்படையில் மறுக்கிறார்கள் என்பதை எழுத்தில் தருமாறு கோருகிறோம். நாமும் எழுத்திலேயே பதில் எழுதுவோம், இன்ஷா அல்லாஹ்.